மூலம் யார் கையில்

அய்யா, இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது உன் கல்யாணத்துக்கு மூன்று வாரம்தான் இருக்கும். பத்திரிகை கொடுத்தாயிற்று, மண்டபத்துக்குச் சொல்லியாயிற்று, சமையல்காரரும் வந்து பேசிவிட்டுப் போய்விட்டார். அந்த வேலைகளைப் பற்றியென்றால் போனிலேயே சொல்லியிருப்பேன். நாம் போனில் பேசுகிற லட்சணம் உனக்கே தெரியும். "சாப்பிட்டியா" என்பேன், "ம்" என்பாய். "லீவு கிடைச்சிருச்சா" என்பேன், "கிடைச்சிருச்சுப்பா, அம்மாட்ட குடுங்க" என்பாய். நீ புனேயில் இருப்பதால் இப்படி என்று ஊரில் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் நீ மாடி அறையில் இருந்த காலத்திலும் இப்படித்தான், பதினோரு வருடமாக இப்படித்தான். திருச்சுழியில் முப்பது வருடமாகப் பத்திரம் எழுதுகிறேன். அண்ணன் தம்பி பாகப்பிரிவினை, மாமனார் மருமகனுக்குக் கொடுக்கும் தானம், கிரயம், பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலை என்று அடுத்தவர் குடும்பத்து விவகாரங்களையெல்லாம் ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதுகிற கை இது. சொந்த மகனுக்கு நாலு பக்கம் எழுத நாலு நாளாகத் தாள் தாளாகக் கிழித்துப் போட்டுக்கொண்டிருக்கிறது.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். பாப்பாவின் போட்டோக்கள் போய்விட்டன. உன் தங்கை பிறந்த நாளிலிருந்து, ஒன்பது வயதில் அந்த ஐந்து நாள் காய்ச்சல் அவளைக் கொண்டுபோனது வரைக்கும் எடுத்த படம் அத்தனையும் நீ பத்தாவது படிக்கும்போது ஏற்றிக்கொடுத்தாயே, அந்தக் கறுப்பு ஹார்ட் டிஸ்க், அது இனி திறக்காது. திறக்கத் தெரிந்தவர்களிடமெல்லாம் கொடுத்துப் பார்த்தாயிற்று. வேறு எங்கும் அவள் படம் ஒன்றுகூட இல்லை. இல்லாமல் செய்தது யார் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இத்தனை வருடம் கழித்து அதை ஏன் எடுத்தேன் என்று கேட்பாய். நம் பக்கத்தில் கல்யாணத்துக்கு முன்னால் கன்னி கும்பிடுவார்கள். வீட்டில் கல்யாணமாகாமல் இறந்த பெண்பிள்ளைக்குப் புதுப் பாவாடை சட்டை, ரிப்பன், வளையல், கண்மை எல்லாம் வாங்கி இலையில் வைத்து, "நீ முன்னால நின்னு நடத்திக் குடு தாயி" என்று கும்பிட்ட பிறகுதான் மற்ற வேலை. உனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. எனக்கும் பெரிதாக இருந்ததில்லை. போன மாதம் துணி எடுக்க நானும் அம்மாவும் அருப்புக்கோட்டைக்குப் போனோம். கடையில் இருந்த பெண், "எத்தன வயசுப் பிள்ளைக்கும்மா?" என்று கேட்டாள். அம்மா "ஒம்பது" என்றாள். அதே நேரத்தில் நான் "இருவது" என்று சொல்லிவிட்டேன். அந்தப் பெண் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். கடைசியில் ஒன்பதுக்குத்தான் எடுத்தோம். மாம்பழ மஞ்சளில் பச்சைக் கரை வைத்த பாவாடை. பஸ் ஸ்டாண்டுக்கு வருகிற வழியில் அம்மா ஒரு கண்ணாடிக் கடை முன்னால் நின்றாள், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் உள்ளே போய் ஒரு பிரேம் வாங்கிக்கொண்டு வந்தாள். படமில்லாத வெறும் பிரேம். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தவள் ஊர் நெருங்குகிற நேரத்தில்தான் வாயைத் திறந்தாள்.

"ஏங்க, பீரோவுல மஞ்சத் துணியில சுத்தி வச்சிருக்கீகள்ல, அதுல இருந்து அவ போட்டோ ஒண்ணு எடுத்துத் தாங்க."

அந்த மஞ்சள் துணிக்குள் என்ன இருக்கிறது என்று அவளிடம் நான் சொன்னதே இல்லை. ஏதோ பழைய பத்திரம் என்றுதான் சொல்லியிருந்தேன். "இப்ப எதுக்கு?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"அவ மொகம் எனக்கு வர மாட்டேங்குதுங்க. கண்ண மூடுனா பாவாட வருது, சடை வருது, கொலுசுச் சத்தம் வருது. மொகம் இருக்க எடத்துல ஒண்ணும் இல்ல. பெத்தவளுக்கு இப்படி ஆகுமா?"

அன்றைக்கே பீரோவைத் திறந்தேன். பத்திரம் அடிக்கிற லேப்டாப்பில் அந்த ஒயரைச் செருகினேன். உள்ளேயிருந்து டிக், டிக், டிக் என்று கோழி தானியம் கொத்துகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. பிறகு ஒரு முனகல். பிறகு அமைதி. லேப்டாப் அப்படி ஒரு பொருள் தன்னிடம் வந்ததாகவே ஒப்புக்கொள்ளவில்லை. பிடுங்கினேன், மறுபடி செருகினேன். அதே கொத்தல். பழைய டி.வி.யைத் தட்டுவது போலத் தட்டிப் பார்த்தேன். ஒயரை மாற்றிப் பார்த்தேன். தலைகீழாக வைத்தேன். செல்போனில் ஒருவன் இதை ஃபிரிட்ஜில் வைத்தால் உயிர் வரும் என்று பேசிக்கொண்டிருந்தான். அவன் பேச்சையும் கேட்டு, பிளாஸ்டிக் பையில் கட்டித் தோசை மாவுக்குப் பக்கத்தில் ஒரு பகல் முழுக்க வைத்தேன். மாவெடுக்க வந்த அம்மா பையைப் பார்த்தாள், கதவை மூடிவிட்டுப் போனாள். மூன்று நாளில் ஐம்பது தடவையாவது செருகியிருப்பேன். ஒவ்வொரு தடவையும் இந்தத் தடவை வந்துவிடும் என்றுதான் செருகுவேன். "பிரிண்டு போடக் குடுத்துட்டீகளா?" என்று அம்மா கேட்டால், "கடையில கூட்டம்" என்று ஒரு பொய்யை எடுத்துவிடுவேன்.

நாலாம் நாள் அருப்புக்கோட்டையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிற ஒருவரிடம் கொண்டுபோனேன். என் வயதுக்காரர், மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு வேலை பார்க்கிறவர். மஞ்சள் துணியைப் பிரித்ததும், "என்னண்ணே இது, சாமி மாதிரில்ல வச்சிருக்கீக" என்றார். வருடா வருடம் சரஸ்வதி பூஜைக்குப் பேனா, மை, முத்திரைத்தாள்களோடு அதையும் வைத்துப் பொட்டு வைப்பேன். பதினோரு பூஜையின் சந்தனம் ஒன்றன்மேல் ஒன்றாகக் காய்ந்து மேடாகியிருந்தது. சொன்னேன். அவர் அதைத் திருப்பிப் பார்த்து, "முன்னாடி சந்தனம், சரி. பின்னாடி பூராம் குங்குமமா அப்பிக் கெடக்கே?" என்று கேட்டார். பார்த்தேன். பின்பக்கம் சிவந்து கிடந்தது. ஒயர் செருகுகிற துளையிலும் குங்குமம். நான் பின்பக்கம் ஒருநாளும் பொட்டு வைத்ததில்லை.

குங்குமத்தால் ஒன்றும் ஆகவில்லை என்றார் அவர். "உள்ள ஒரு தட்டு சுத்தும், மேல ஊசி மாதிரி ஒண்ணு ஓடும். பத்து வருசம் ஓட்டாமப் போட்டு வச்சா இப்படித்தான் ஆயிரும். சத்தம் வந்ததுக்கு அப்பறம் எத்தன தடவ போட்டுப் பாத்தீக?" நான் "ரெண்டு மூணு தடவ" என்றேன். டாக்டரிடம் பொய் சொல்லுகிற நோயாளி மாதிரி. "மொதச் சத்தத்துலயே நிறுத்தியிருந்தா நல்லது. சத்தம் வரும்போது போடப் போட ஊசி தட்டக் கீறிரும்ணே. நான் இதத் தொடக் கூடாது. மதுரையில தூசி இல்லாத ரூம்புல வச்சுத் திறக்குறவுக இருக்காக, அனுப்பி விடுறேன்" என்றார். டிஸ்க்கை அவரிடம் விட்டுவிட்டு, அவர் எழுதிக்கொடுத்த சீட்டோடு பஸ்ஸேறினேன். ஐம்பது தடவை என்று ஏன் சொல்லவில்லை என்று வழி முழுக்க யோசித்தேன். வெட்கம், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் குங்குமத்தைப் பற்றிக் கேட்டேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் தலை நிமிராமல், "வெள்ளிக்கிழம தவறாம வப்பேன். பீரோச் சாவி எங்கிட்டதான இருக்கு" என்றாள்.

"தெரிஞ்சும் ஏன் இத்தன வருசம் கேக்கல?"

"நீங்களா எடுத்துக் காட்டுவீகன்னு இருந்தேன். நான் கேட்டு நீங்க ஒடஞ்சு போயிட்டீகன்னா என்ன செய்யிறதுன்னு கேக்கல."

அவள் தாங்கமாட்டாள் என்று நான் ஒளித்து வைத்தேன். நான் தாங்கமாட்டேன் என்று அவள் கேட்காமல் இருந்தாள். ஒரே வீட்டில், ஒரே பீரோவுக்கு முன்னால், பதினோரு வருடம். கல்யாணமாகப் போகிற பிள்ளைக்குத் தகப்பன் நாலு புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். என்னிடம் இருப்பது இந்த ஒன்றுதான். உன் மனைவியைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டு எதையும் அவளிடமிருந்து ஒளிக்காதே. ஒளிக்கிறவனுக்கு அது பாசமாகத்தான் தெரியும். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது.

அந்த நாளை நீ மறந்திருக்க மாட்டாய். பாப்பா போய் இரண்டு மாதம் இருக்கும். நம் வீட்டுக் கம்ப்யூட்டரைச் சும்மா விட்டால் அதுவாகப் போட்டோக்களை ஒவ்வொன்றாகக் காட்டும். யாரும் அதை நிறுத்தவில்லை, நிறுத்த வேண்டும் என்று யாருக்கும் தோன்றவுமில்லை. அம்மா சுளகில் உளுந்தோடு அந்தப் பக்கம் போனாள். திரை முழுக்கப் பாப்பா பொக்கை வாயோடு சிரித்தாள். உளுந்து வீடு முழுக்கச் சிதறிற்று. அம்மா மூன்று நாள் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. அதற்கு முந்தின வாரம்தான் பெரியவர்கள் சொன்னார்கள் என்று பாப்பாவின் துணிமணியை, காதுகுத்து ஆல்பத்தோடு சேர்த்து மூட்டை கட்டி, சேதுக்கரையில் கடலில் விட்டுவிட்டு வந்திருந்தேன். ஆல்பத்தைக் கம்ப்யூட்டரில் நீ ஏற்றி வைத்திருந்தாய் என்பதால் மனது கொஞ்சம் துணிந்தது. நாலாம் நாள் அருப்புக்கோட்டைக்குப் போய் அந்த ஹார்ட் டிஸ்க்கை வாங்கி வந்து உன்னை உட்கார வைத்தேன்.

"காப்பி பண்ணாத. கட் பண்ணி இதுல போடு. வேற எங்கயும் ஒண்ணு இருக்கக் கூடாது" என்றேன்.

"ஒரு காப்பியாவது இருக்கட்டும்ப்பா. இது கெட்டுப்போச்சுன்னா?"

"பத்திரத்துக்கு ரெண்டு மூலம் இருக்காலே? ஒண்ணுதான் இருக்கும். அது பீரோவுல இருக்கும். சொன்னதச் செய்யி."

நீ கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு, "நெறைய இருக்குப்பா, நேரமாகும். நீங்க கடைக்குப் போய் ஒரு காப்பி குடிச்சிட்டு வாங்க" என்றாய். எனக்கும் அங்கே நிற்க முடியவில்லை. தெருமுனைக் கடையில் காப்பி குடித்தேன். ஆறிப்போன பிறகுதான் குடித்தேன். திரும்பி வந்தபோது வேலை முடிந்து ஒயரைப் பிடுங்கிக் கையில் வைத்திருந்தாய். என் முகத்தைப் பார்க்காமல் நீட்டினாய். அதோடு விட்டேனா? உன் போனை வாங்கிப் பார்த்தேன். கண்மாய்க்கரையில் நீயும் பாப்பாவும் சேமியா ஐஸோடு நிற்கிற படம் ஒன்று இருந்தது. நீ பக்கத்தில் நின்றுகொண்டிருக்கும்போதே அதை அழித்தேன். "அம்மா கண்ணுல பட்டுரும்" என்றேன். நீ "ம்" என்றாய். உன்னுடைய "ம்" அன்றைக்குத்தான் ஆரம்பித்தது என்று இப்போது கணக்குப் பார்க்கும்போது தெரிகிறது. அம்மாவுக்கு மகள் போனாள், எனக்கு மகள் போனாள், அவ்வளவுதான் என் கண்ணுக்குத் தெரிந்தது. பதினைந்து வயதுப் பையனுக்குக் கூடவே திரிந்த தங்கை போனாள் என்பதை யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, ஆனால் நான் நினைக்கவேயில்லை. அவளைப் பத்திரமாக வைக்கிறேன் என்று உன்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டேன். அதற்காக இதுவரை உன்னிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டதில்லை. என்னை மன்னித்துக்கொள், அய்யா.

டிஸ்க் மதுரையில் இருந்த நாட்களில் வேறு எங்காவது ஒரு படம் கிடைக்காதா என்று அலைந்தேன். நரிக்குடிக்கு உன் மாமா வீட்டுக்குப் போனேன். அவன் போனை எடுத்து நீட்டவில்லை. "மச்சான், நீங்கதான வந்து எம் பக்கத்துலயே நின்னு ஒவ்வொண்ணா அழிக்க வச்சீக. எம் பொண்டாட்டி போன்ல இருந்ததையும் விடல. இப்ப வந்து கேட்டா நான் எங்க போக?" என்றான். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. பிறகு அவனே அலமாரியில் ஏறித் தன் கல்யாண ஆல்பத்தை இறக்கினான். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகத் தேடினோம். மொய் எழுதுகிற இடத்தில், யாரோ ஒரு பெரிய மனிதரின் தோளுக்குப் பின்னால், ஒரு காதும் ரிப்பன் கட்டிய ஒரு சடையும் தெரிந்தன. அவள்தான். மீதி முகத்தை அந்த மனிதரின் துண்டு மறைத்திருந்தது. பள்ளிக்கூடத்தில் கேட்டேன். பதிவேட்டில் பெயர் இருக்கிறது, படம் இல்லை. ஆதார் அவளுக்கு எடுக்கவில்லை, ரேஷன் கார்டில் வெறும் பெயர், அதையும் நானே போய் நீக்கிவிட்டு வந்தேன். சர்க்காரிடம்கூட அவள் முகம் கிடையாது.

இதில் என் தொழிலை நினைத்தால்தான் எனக்கு என்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. மூலப்பத்திரம் தொலைந்துவிட்டது, கரையான் அரித்துவிட்டது என்று அழுதுகொண்டு வருகிறவர்களுக்கு முப்பது வருடமாக நான்தான் தைரியம் சொல்லி அனுப்புகிறேன். "எதுக்கு அழுகுறீக? பதிவாபீஸ்ல நகல் இருக்கும், மனுப் போட்டா குடுப்பாக. வீடே எரிஞ்சாலும் உங்க நெலம் எங்கயும் போகாது" என்பேன். பதிவு செய்வது என்றால் என்ன? வேறொரு கூரைக்கு அடியில் இன்னொன்று இருக்கிறது என்பதுதானே. இந்தக் கரிசல் காட்டில் கருவேலம் மண்டிக் கிடக்கிற அரை ஏக்கருக்கு அந்த ஏற்பாடு உண்டு. என் மகளுக்கு நான் அதைச் செய்யவில்லை. பதினைந்து வயதில் நீ சொன்னாய். உனக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

இரண்டு வாரம் கழித்து மதுரையிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். "சார், தட்டுல நெறையக் கீறல். எவ்வளவோ பாத்துட்டோம். படம் ஒண்ணுகூட வரல. பேரு மட்டும் வந்திருக்கு" என்றாள். எனக்குப் புரியவில்லை. "ஒவ்வொரு படத்துக்கும் பேரு வச்சிருக்காங்கல்ல சார், அந்த லிஸ்ட் முழுசா இருக்கு. வேணும்னா பிரிண்டு போட்டு அனுப்புறேன்" என்றாள். எதற்கு என்று தெரியாமலே வேண்டும் என்றேன். பதினாலு பக்கம் வந்தது. பத்திரத்தின் கடைசியில் சொத்து விவரம் எழுதுவோமே, சர்வே நம்பர், நான்கு எல்லை, அது மட்டும் இருந்து நிலம் இல்லாமல் போனால் எப்படி இருக்கும், அப்படி ஒரு காகிதம்.

அதற்குமேல் அம்மாவிடம் மறைக்க எனக்குத் தெம்பில்லை. அடுப்படி வாசலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன், ஐம்பது தடவை செருகியதையும் சொன்னேன். அவள் அழுவாள் என்று பார்த்தேன். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, "பேரு இருக்குன்னீகள்ல, படிங்க" என்றாள். இங்கிலீஷ் எழுத்தில் தமிழாக நீ அடித்து வைத்த பெயர்கள். நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். "பாப்பா பல்லு ஒண்ணு" என்றேன். "கொழாயடியில எடுத்தது. பல்லக் கையில வச்சுக்கிட்டு நிப்பா" என்றாள். "அப்பா செருப்பு." "ஒங்க செருப்பப் போட்டு வாசல்ல நடந்தால்ல, அது." "குண்டாறு தண்ணி." "அன்னைக்குத்தான் தண்ணி வந்துச்சு. ஒங்க தோள்ல ஒக்காந்திருப்பா." "பாப்பா கோவம் மூணு" என்று படித்தபோது இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அதென்ன கோபத்தில் மூன்றாம் நம்பர் என்று. பதினாலு பக்கத்தையும் படித்தேன். சோறு வடிக்க வைத்த உலை வற்றிப்போனது. இத்தனை வருடத்தில் நானும் அவளும் பாப்பாவைப் பற்றி அத்தனை நேரம் பேசியது அன்றைக்குத்தான்.

ஒன்பதாம் பக்கத்தில் "பாப்பா மச்சம்" என்று ஒரு பெயர் இருந்தது. அம்மா, "எடது கன்னத்துல, சின்ன மிளகு கணக்கா" என்றாள். நான், "எடதா? வலதுல்ல?" என்றேன். அவள் தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு என் முகத்துக்கு நேரே கையைக் கொண்டுவந்து, எதிரில் நிற்கிற பிள்ளைக்கு எந்தப் பக்கம் என்று காற்றில் தொட்டுப் பார்த்தாள். வலது என்றாள். அதற்குள் எனக்கு இடது என்று தோன்ற ஆரம்பித்துவிட்டது. பெற்றவர்கள் இரண்டு பேர், அய்யா. எங்களுக்குத் தெரியவில்லை. அம்மா அப்போதுதான் அழுதாள்.

அழுது ஓய்ந்த பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு, "ஒவ்வொரு பேருக்கும் பின்னாடி என்னமோ சொல்லிச் சொல்லி நிறுத்துனீகளே, அதென்ன காப்பி காப்பின்னு?" என்று கேட்டாள். நான் அதைக் கவனிக்கவேயில்லை. படிக்கிறவன் வாய் தானாகப் படித்துக்கொண்டு போயிருக்கிறது. பார்த்தேன். "பாப்பா பல்லு 1 - காப்பி". "அப்பா செருப்பு - காப்பி". "பாப்பா மச்சம் - காப்பி". பதினாலு பக்கத்திலும் அந்த வால் இல்லாத பெயர் ஒன்றுகூட இல்லை.

மதுரைப் பெண்ணுக்குப் போன் போட்டேன். அவள் பொறுமையாகச் சொன்னாள். "அது யாரும் வைக்கிற பேரு இல்ல சார். ஒரு படத்த அது இருக்குற எடத்துலயே இன்னொண்ணு எடுத்தா, ரெண்டாவதுக்குப் பின்னாடி கம்ப்யூட்டரே 'காப்பி'ன்னு போட்டுரும். ஒங்க டிஸ்க்குல இருந்தது எல்லாமே ரெண்டாவதா எடுத்ததுதான். மொதல்ல இருந்தது இதுக்குள்ள வரவே இல்ல."

"அப்ப மொதல்ல இருந்தது எங்கம்மா?"

"ஏத்திக் குடுத்தவங்களத்தான் சார் கேக்கணும்."

அன்றிலிருந்து தூக்கம் கெட்டதுதான் மிச்சம். முப்பது வருடம் பத்திரம் எழுதியவன், பதினோரு வருடம் நகலுக்குச் சந்தனம் வைத்துக் கும்பிட்டிருக்கிறேன். நான் தெருமுனையில் காப்பி குடித்துக்கொண்டிருந்த நேரத்தில் நீ இங்கே காப்பி போட்டிருக்கிறாய். என்னிடம் நகலைக் கொடுத்துவிட்டு மூலத்தை என்ன செய்தாய்? அந்தக் கம்ப்யூட்டரில் எங்கேயாவது ஒளித்து வைத்திருந்தாய் என்றால், அதைச் சொல்லத்தான் எனக்கு வாய் வரவில்லை. நீ காலேஜில் சேர்ந்த வருடம் அது ஓடவில்லை, இடத்தை அடைக்கிறது என்று பழைய சாமான்காரரிடம் போட்டுவிட்டேன். "நான் லீவுக்கு வர்ற வரைக்கும் அதத் தொடாதீகப்பா" என்று நீ சொல்லியிருந்தாய். நான்தான் பொறுக்கவில்லை. லீவுக்கு வந்தவன் காலி மேஜையைப் பார்த்துவிட்டு மாடிக்குப் போனாய். அப்போது எனக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை. இப்போது அந்த மாடிப்படிச் சத்தம் காதிலேயே இருக்கிறது. அதற்கு முன்னாலேயே நீ அதை ஒரு பென் டிரைவிலோ எதிலோ எடுத்துக்கொண்டு போயிருப்பாயா? அல்லது அன்றைக்கு மாடிக்கு ஏறியவன் தங்கையை இரண்டாம் தடவையும் என்னிடம் பறிகொடுத்துவிட்டு ஏறினாயா? எனக்குத் தெரியவில்லை. போனில் கேட்டால் நீ "ம்" என்பாய். அந்த "ம்"மை இருக்கிறது என்று எடுப்பதா இல்லை என்று எடுப்பதா?

அதனால்தான் எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை ஜெராக்ஸ் எடுத்து ஒன்றை பீரோவிலும் ஒன்றை உன் மாமா வீட்டிலும் வைத்துவிட்டுத்தான் உனக்கு அனுப்புகிறேன், சிரித்துக்கொள். அம்மா மஞ்சள் பாவாடையை மடித்து வைத்து அதன்மேல் அந்தப் பிரேமை வைத்திருக்கிறாள். உள்ளே படம் இல்லாததால் கண்ணாடியில் பார்க்கிறவர் முகம்தான் தெரிகிறது. பிள்ளை என்றால் சொன்ன பேச்சைக் கேட்க வேண்டும் என்று உன்னை அடித்து வளர்த்தவன் நான். அந்த ஒரு நாள் மட்டும் நீ என் பேச்சைக் கேட்காத பிள்ளையாக இருந்திருக்க வேண்டும், என்னை நன்றாக ஏமாற்றியிருக்க வேண்டும், இத்தனை வருடமும் பொய் சொல்லிக்கொண்டு அவளை எங்கேயோ உன்னோடு வைத்திருக்க வேண்டும் என்று சாமியிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அப்படி இருந்தால் என்னிடம் சொல்ல வேண்டாம். நேராக அம்மாவுக்கு அனுப்பு.

இல்லையென்றாலும் ஒரு போன் செய். அவளோடு ஒட்டிக்கொண்டே திரிந்தவன் நீ. அந்த மச்சம் எந்தக் கன்னத்தில் என்று மட்டுமாவது சொல்.